குண்டு போன தூரம்

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர். பெயரைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள். உள்ளூரில் பலருக்கு அது வெறும் விலாசம். ஆனால் அந்தக் குண்டு நிஜமான குண்டு. பீரங்கிக் குண்டு.

1690இல் மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயப் படை அவரைத் துரத்திக்கொண்டு தெற்கே வந்திருந்தது. அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில், மராட்டியர் கையில் ஒரு சிறு கோட்டை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதன் மேல் ஒரு கண். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். பேரம் படிந்தது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

கோட்டையை வாங்கியாயிற்று. சுற்றியுள்ள நிலத்துக்கு எல்லை எது? ஆறு, ஏரி, பனைமரம் என்று எழுதுவதுதான் இந்த ஊர் வழக்கம். இந்தப் பத்திரத்தில் எல்லை வேறு மாதிரி இருந்தது. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அந்த வட்டத்துக்குள் வருவதெல்லாம் கம்பெனிக்கு. சென்னையிலிருந்து நல்ல வெண்கலப் பீரங்கி ஒன்று வந்தது. மருந்து திணித்துச் சுடுவதை பீரங்கிக்காரனின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டார்கள். செப்டம்பரில் திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் கம்பெனியின் சொத்தாயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டு தரப்புகள் உண்டு. ஊர்க்காரர்கள் அதில் தரப்பே கிடையாது.

ரேண்டம் என்றால் என்ன?

ஆங்கிலப் பத்திரத்தில் இந்தச் சுடுதலுக்கு ரேண்டம் ஷாட் என்று பெயர். இன்றைக்கு நாம் ரேண்டம் என்றால் 'சும்மா, எதையோ ஒண்ணு' என்று அர்த்தம் பண்ணிக்கொள்வோம். அந்தக் காலப் பீரங்கிக்காரனுக்கு அது தொழில் சொல். குழலின் வாயை மேலே தூக்கி, குண்டை முழுத் தூரத்துக்கும் அனுப்பினால் அது ரேண்டம். குழலைத் தூக்காமல் நேராகச் சுட்டால் பாயிண்ட் பிளாங்க். அதாவது 1690இல் நடந்தது கண்மூடித்தனமான காரியம் அல்ல. தெரிந்தே செய்தது.

எவ்வளவு தூக்கினால் அதிக தூரம்? இத்தாலியர் தார்தாலியா 1537இல் 45 பாகை என்றார். கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில், காற்று இல்லாவிட்டால் குண்டின் பாதை பரவளையம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிளஸ் ஒன் இயற்பியலில் நாம் படித்த அதே எறிபொருள் இயக்கம்தான். 'காற்றுத் தடையைப் புறக்கணிக்க' என்று கணக்கின் கீழே ஒரு வரி இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? நூறு வருஷத்துக்கு மேல் பீரங்கிக் கணக்குப் புத்தகங்களும் அதையே செய்தன. காற்றைப் புறக்கணித்தன.

காற்றைப் புறக்கணிக்கக் கூடாது என்று நிரூபித்த மனிதர் கடைசியில் வந்து சேர்ந்த இடமும் இதே தேவனாம்பட்டினம்தான்.

பெஞ்சமின் ராபின்ஸ்

1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். குவேக்கர்கள் போரை ஏற்காதவர்கள். அந்த வீட்டுப் பையன் பீரங்கியியலின் தந்தை என்று பெயரெடுத்தது விசித்திரம்தான். 1742இல் 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி' என்ற புத்தகத்தை எழுதினார். கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமாக உரை எழுதினார்.

ராபின்ஸ் செய்த கருவி எளிமையானது. கனமான ஓர் ஊசல். அதன் முகத்தில் மரப்பலகை. துப்பாக்கியால் பலகையைச் சுட்டால் ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை ஒரு நாடா காட்டும். குண்டின் எடை, ஊசலின் எடை, ஆடிய தூரம் மூன்றும் தெரிந்தால் குண்டு வந்த வேகம் தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேகத்தை ஊஞ்சலை வைத்து அளந்துவிட்டார்.

வந்த விடை எல்லாரையும் திகைக்க வைத்தது. மஸ்கட் குண்டு நொடிக்கு 1,700 அடி வேகத்தில் கிளம்புகிறது. காற்று இல்லாத கணக்குப்படி அது 17 மைல் போக வேண்டும். நிஜத்தில் அரை மைல் போனாலே அதிகம். மீதி பதினாறரை மைலைக் காற்று தின்றுவிடுகிறது! இன்னொன்றையும் கவனித்தார். குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் காற்றின் தடை திடீரென்று பல மடங்கு ஏறுகிறது. ஜெட் விமானக்காரர்கள் இருநூறு வருஷம் கழித்து மல்லுக்கட்டிய விஷயம் அது.

குண்டு ஏன் பக்கவாட்டில் விலகுகிறது என்பதும் அவருக்குக் கேள்வி. உருண்டைக் குண்டு குழலுக்குள் உரசிக்கொண்டு வரும்போது ஏதாவது ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பிக்கிறது. சுழலும் குண்டைக் காற்று தள்ளுகிறது. ஸ்பின் போடுகிற கிரிக்கெட் பந்து காற்றில் வளைகிற மாதிரி. இதைக் காட்ட ஒரு துப்பாக்கியின் குழலை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டார். குழல் இடது பக்கம் வளைந்திருக்க, குண்டு போகப்போக வலது பக்கம் திரும்பியிருந்தது. காகிதத்தின் ஓட்டைகள் சாட்சி.

அப்படியானால் தீர்வு? சுழற்சியை நாமே தீர்மானிப்பது. குழலுக்குள் மரை வெட்டிவிட்டால் குண்டு பம்பரம் மாதிரி தன் போக்குத் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும், விலகாது. இதுதான் ரைஃபிள். அது முன்பே இருந்தது. வேட்டைக்காரர்கள் வைத்திருந்தார்கள். ஏன் வேலை செய்கிறது என்று சொன்னவர் ராபின்ஸ். 1747இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில், எந்த நாடு மரைக்குழல் துப்பாக்கியை முழுமையாக்கித் தன் படைக்குக் கொடுக்கிறதோ அது மற்றவர்களை மிஞ்சிவிடும் என்று முன்கூட்டியே சொன்னார்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. கோட்டைகளைப் பலப்படுத்த ஒரு நிபுணர் வேண்டுமென்று கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்து அனுப்பியது. 1750 ஜூலையில் வந்து இறங்கினார். காய்ச்சல் வந்தது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார். 1751 ஜூலை 29 அன்று புனித டேவிட் கோட்டையிலேயே இறந்தார். வயது 44. அடுத்த மாதம் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக்குப் படையோடு கிளம்பினார். அந்தக் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ராபின்ஸ் இல்லை. அவர் திட்டமிட வந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப் போட்டார்.

குண்டு போன தூரத்தை நிலமாக மாற்றிய கோட்டையில், குண்டு ஏன் அவ்வளவு தூரம்தான் போகிறது என்று கண்டுபிடித்தவர் செத்துப்போயிருக்கிறார். இதற்குக் கடலூரில் ஒரு பலகையாவது வைக்கலாம்.

1857இல் இரண்டு தோட்டாக்கள்

ராபின்ஸ் சொன்னது பலிக்க நூறு வருஷம் ஆயிற்று. மரைக்குழல் கொண்ட என்ஃபீல்டு துப்பாக்கி கம்பெனியின் சிப்பாய்களுக்கு வந்தபோது கூடவே அதன் தோட்டாவும் வந்தது. காகிதத்தில் சுற்றி, குழலுக்குள் வழுக்கிப் போவதற்காகக் கொழுப்பு தடவியது. பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சு பரவியதும் அதற்குப் பிறகு நடந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

அதே 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் தன் முதல் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தோட்டாவில் காகிதமும் இல்லை, கடிக்கிற வேலையும் இல்லை. சின்ன உலோகக் கூடு. கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து. ஊசி விளிம்பில் அடித்தால் வெடிக்கும். அதனால் ரிம்ஃபயர். 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் அதன் வாரிசு. உலகத்திலேயே அதிகமாகச் சுடப்படும் தோட்டா வகைகளில் ஒன்று. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிளில் இன்றும் இதுதான். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கையில் முதலில் கொடுக்கப்படும் நிஜத் துப்பாக்கி .22தான். 25 கஜ தூரத்தில் குறி.

1857இன் பயம் சட்டமாகவும் வந்தது. 1878 ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அந்த இனப் பாகுபாடு பின்னாளில் நீங்கியது. 1959இல் சுதந்திர இந்தியாவின் சட்டம் வந்தது. உரிமம் மட்டும் தொடர்கிறது. இன்று ரிம்ஃபயர் ரைஃபிள் சுட வேண்டுமென்றால் உரிமம், சங்க உறுப்பினர் சேர்க்கை, அனுமதி பெற்ற ரேஞ்ச் எல்லாம் வேண்டும். இருக்க வேண்டியதும்தான்.

சிலந்தி இழை

ரைஃபிள் வந்தாயிற்று. இனி கண்.

தொலைநோக்கிக்குள் ஒரு குறுக்கிழையை வைத்துக் குறி பார்க்கலாம் என்ற யோசனையைக் கொடுத்தது சிலந்தி என்று ஒரு கதை உண்டு. 1640 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோய்ன் என்ற இளைஞர் தன் தொலைநோக்கிக்குள் எட்டிப் பார்த்தால் பிம்பத்தின் மேல் ஒரு கோடு. உள்ளே சிலந்தி நூல் இழுத்திருந்தது. அது சரியாகக் குவியத்தில் இருந்ததால் பிம்பமும் நூலும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தன. கெப்ளர் 1611இல் விவரித்த இரட்டைக் குவிலென்ஸ் தொலைநோக்கியில்தான் இது சாத்தியம். காஸ்கோய்ன் 1644இல் உள்நாட்டுப் போரில் செத்துப்போனார். யோசனை தங்கியது.

அந்தக் குறுக்கிழை துப்பாக்கிக்கு முன்பே நில அளவைக்குப் போனது. 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் ஆரம்பித்த பெரிய அளவைக்கும் தியோடலைட் கருவிதான் கண். 1808இல் அந்த அரை டன் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. அதன் வட்டம் நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டிச் சரிசெய்தார். லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாங்கும் இரும்பு சரியில்லை என்றால் அளவு பொய். ரைஃபிளில் ஸ்கோப் மாட்டுகிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

ஒரு நேர்கோடு, ஒரு வளைவு

ஸ்கோப் துப்பாக்கியைத் துல்லியமாக்குகிறது என்று சினிமா பார்த்து நம்புகிறோம். அது அப்படியல்ல. பார்வை நேர்கோடு. குண்டின் பாதை வளைவு. குழலுக்கு ஓரிரண்டு அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்பின் கோடும் கீழேயிருந்து கிளம்பும் குண்டின் வளைவும் நாம் விரும்பும் தூரத்தில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பை ஏற்பாடு பண்ணுவதுதான் மொத்த வேலையும்.

.22 குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். போட்டிக்கான தோட்டாவை நொடிக்கு 325 மீட்டர் வாக்கில், வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைக்கிறார்கள். ராபின்ஸ் பார்த்த அந்தத் திடீர் தடையைத் தாண்டுகிற குலுக்கலே வேண்டாம் என்றுதான். 50 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 100 மீட்டரில் அரை மீட்டர்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உருப்பெருக்கம் அல்ல, இடமாறு தோற்றப் பிழை. பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறுமே, அதேதான். கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறுக்கிழை இலக்கின் மேல் நகர்கிற மாதிரி தெரியும். பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் இந்தப் பிழை 100 கஜத்தில் நீங்கும்படி அமைத்திருப்பார்கள். ரிம்ஃபயருக்கென்று செய்தவற்றில் 50 கஜம். தூரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது உருப்பெருக்கம். 24 மடங்கு என்று போட்டிருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இலக்கோடு சேர்ந்து நம் கை நடுக்கமும் 24 மடங்காகும். கடலூர் மே மாத வெயிலில் தரையிலிருந்து எழும் கானலும் அப்படியே. மேஜையில் தாங்கு வைத்துச் சுடுகிறவருக்கு அது சரி. கையில் பிடித்துச் சுடுகிறவருக்கு நான்கு மடங்கே நிம்மதி. முன் லென்ஸும் பெரிசாக இருக்கத் தேவையில்லை. அதன் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் லென்ஸ், 10 மடங்கு என்றால் 4 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி அதைவிடச் சின்னதாகவே இருக்கும். பெரிய லென்ஸ் வாங்கினால் ஸ்கோப்பை உயரமாக மாட்ட வேண்டிவரும். கன்னம் கட்டையில் படியாது. தலை தொங்கலில் நிற்கும்.

மாட்டுவது பொறுமையான வேலை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்தாலும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பெரும்பாலான .22 ரைஃபிள்களின் மேல்பாகத்தில் சுமார் 11 மில்லிமீட்டர் அகலத்தில் சாய்வான பள்ளம் வெட்டியிருக்கும். அதற்குப் பொருந்தும் வளையங்கள் வேண்டும். ஸ்கோப்பின் குழாய் ஓர் அங்குலமா, 30 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்க வேண்டும். மாட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் ஓரத்தில் கறுப்பு இல்லாமல் தெரிய வேண்டும். தெரியும் வரைக்கும் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கழுத்தை நகர்த்தக் கூடாது.

பிறகு சாய்வு. கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக் குண்டு போதும். தூரத்தில் ஒரு நூலில் அதைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, செங்குத்து இழையை அந்த நூலோடு பொருத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறி சரிசெய்த துப்பாக்கி சுடும்போது 5 பாகை சாய்ந்தால், 50 மீட்டரில் அந்த 12 சென்டிமீட்டர் இறக்கத்தில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போகும். சுமார் ஒரு சென்டிமீட்டர். 50 மீட்டர் இலக்கின் பத்தாம் வட்டம் மொத்தமே 10.4 மில்லிமீட்டர்தான். இழையே சாய்ந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் நேராகப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு சாய்த்தே பிடிப்போம்.

திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கார் சக்கரம் மாட்டுகிற மாதிரி. முழு பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கும். பிறகு பின்பக்க போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகவே இலக்கைப் பார்த்து, குறுக்கிழையையும் அங்கே கொண்டுவந்தால் முதல் குண்டு காகிதத்திலாவது விழும். ஐந்து குண்டு சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்து, திருக வேண்டும். கால் மினிட் அளவுள்ள ஒரு கிளிக், 50 மீட்டரில் சுமார் 3.6 மில்லிமீட்டர். ஒரே குண்டை வைத்துத் திருகுகிறவர்கள் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

கண்ணாடி இல்லாமல்

இவ்வளவும் சொன்னபிறகு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. பின்னால் ஊசித்துளை, முன்னால் ஒரு வளையம், நடுவில் கறுப்பு வட்டம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களை அடுக்குவது கண்ணின் வேலை. ஆனால் மேலே சொன்ன கணக்கு எதுவும் மாறாது. அதே வளைவு, அதே சாய்வு, அதே கிளிக்.

இளவேனில் வாலறிவன் 1999இல் கடலூரில் பிறந்தவர். வளர்ந்தது அகமதாபாத்தில். அவருடைய போட்டி 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அந்த இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரீஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

ராபின்ஸ் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டது குண்டு எங்கே போகும் என்று தான் நினைத்ததையும் அது போன இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. இலக்குச் சுடுதல் இன்றும் அதைத்தான் செய்கிறது. எங்கே என்று முதலில் சொல்லிவிட்டுச் சுட வேண்டும். தவறினால் எத்தனை மில்லிமீட்டர் என்று காகிதம் காட்டிவிடும், மறுக்க முடியாது. 1690இல் தேவனாம்பட்டினத்தில் சுட்டவனுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. எங்கே விழுந்தாலும் அதுதான் சரியான இடம். அளந்து பார்த்துத் தவறு என்று சொல்லும் உரிமை, குண்டு விழுந்த ஊர்களில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது.